ஊசி போடாத நாள்: நோயாளியிடம் கேட்கக் கற்றுக்கொண்ட வரலாறு

1/ சுகர் ஓபி நாள். டோக்கன் வரிசை வாசல் தாண்டி நிக்கும். ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம். அந்த ரெண்டு நிமிஷத்துல நாங்க பார்க்கறது நோட்டுல இருக்கற நம்பரை: வெறும் வயித்துல எவ்வளவு, சாப்பிட்டு எவ்வளவு. அந்த நம்பர்ல வராத விஷயத்தைக் கேட்க மருத்துவம் எப்படிக் கத்துக்கிச்சுங்கறதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ சில வருஷம் முன்னாடி நடந்தது. ஐம்பது வயசுக்காரர், சூளையில வேலை. கால்ல புண்ணுன்னு அட்மிட் ஆனார். நோட்டுல என் கையெழுத்துல இருந்த இன்சுலின் அளவையே வார்டுல போட்டாங்க. ராத்திரி வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறிடுச்சு. சுகர் 42. டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தின பிறகுதான் ஆள் திரும்பி வந்தார்.

3/ காலையில சிஸ்டர் கேட்டாங்க: "ஏன்ணே, வீட்ல இவ்வளவு யூனிட்டா போட்டுக்கிறீங்க?" அவர் சொன்னார்: "சூளை வேலை இருக்கற நாள்ல போட மாட்டேன் சிஸ்டர். ஒரு தடவ போட்டுட்டுப் போய் சூளை வாசல்லயே கண்ணு இருட்டிருச்சு. அங்க எப்பவுமே வேர்க்கும். எது சூட்டு வேர்வை, எது சுகர் வேர்வைன்னு தெரியல."

4/ மாசா மாசம் அவர் நம்பர் ஏறிட்டே இருந்தது. நானும் டோஸை ஏத்திட்டே இருந்தேன். அவர் போடாத ஊசிக்கு நான் அளவு கூட்டியிருக்கேன். "ஊசி ஒழுங்கா போடுறீங்களா?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "போடுறேன் சார்"னார். யோசிச்சுப் பாருங்க, அந்தக் கேள்விக்கு வேற என்ன பதில் சொல்ல முடியும்? இல்லைன்னா திட்டு விழும். தப்பு என் கேள்வியில இருந்தது.

5/ நான் இப்ப இருக்கறது விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்கும் முந்திரிக்கும் எவ்வளவு பேரோ, பீங்கானுக்கும் அவ்வளவு பேர் உள்ள ஊர். செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்புக்குன்னே ஒரு கல்வி நிலையம், பொம்மை, ஃபியூஸ் கேரியர், சூளைன்னு ஒரு தனி உலகம். களிமண் தூசியில சிலிக்கா இருக்கு. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல் கெடும். இதைச் சொல்லக் காரணம் இருக்கு. நோயாளிகிட்ட ஒழுங்கா கேட்கறதுக்கான கேள்வித்தாள், இந்த மாதிரி ஒரு தூசித் தொழில்லதான் வளர்ந்தது.

6/ 1945. வேல்ஸ் நாட்டுல கார்டிஃப் பக்கத்துல லாண்டாக் மருத்துவமனை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களோட நுரையீரல் நோயை ஆராய ஒரு பிரிவு தொடங்குறாங்க. முதல் இயக்குநர் சார்லஸ் ஃப்ளெட்சர். எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஆனா எவ்வளவு மூச்சு வாங்குதுன்னு எக்ஸ்ரே சொல்லாது. அதை அந்தத் தொழிலாளிதான் சொல்லணும்.

7/ அங்கே வேலை பார்த்த ஆர்ச்சி காக்ரேன் குழு 1951-ல் லான்செட் இதழ்ல ஒரு கட்டுரை எழுதுனாங்க. ஒரே மாதிரியான தொழிலாளர்களை வேற வேற மருத்துவர்கள் விசாரிச்சா, "இருமல் இருக்கு, சளி இருக்கு"ன்னு சொல்றவங்க விகிதமே மாறிடுது. யார் கேட்கறாங்க, எப்படிக் கேட்கறாங்கங்கறதைப் பொறுத்துப் பதில் வருது. அப்படின்னா கேள்வியோட வார்த்தையை முதல்ல ஒழுங்கு பண்ணணும். 1960-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மூச்சு நோய்க்கான பொதுக் கேள்வித்தாளை வெளியிட்டது. அச்சுல இருக்கற மாதிரியே கேட்கணும், சொந்தமா மாத்தக் கூடாது.

8/ இதுல எனக்குப் பிடிச்ச விஷயம்: இந்த ஃப்ளெட்சரே இன்சுலின் போட்டுக்கிட்டு வாழ்ந்த சர்க்கரை நோயாளி. 1973-ல் மருத்துவர்கள் நோயாளிகளோட எப்படிப் பேசணும்னு தனிப் புத்தகமே எழுதினார். 1980-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல தன்னோட நீரிழிவைத் தான் எப்படிச் சமாளிக்கறேன்னு எழுதினார். மேஜைக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்த மனுஷன்.

9/ இப்ப சர்க்கரை நோய்ப் பக்கம் வருவோம். 1922 ஜனவரி 11, டொரன்டோ. 14 வயசு லெனார்டு தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி. அதுவரைக்கும் "பிழைப்பானா?"ங்கறதுதான் கேள்வி. பிழைச்ச பிறகு "எப்படி வாழறது?"ங்கற கேள்வி வந்தது. 1934-ல் பிரிட்டிஷ் நீரிழிவுச் சங்கத்தைத் தொடங்கின ரெண்டு பேர், எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸும் டாக்டர் ஆர்.டி.லாரன்ஸும். ரெண்டு பேருமே சர்க்கரை நோயாளிகள்.

10/ நம்ம ஊர்ல? 1948-ல் சென்னை ஸ்டான்லியில டாக்டர் எம்.விஸ்வநாதன் நீரிழிவுக்குன்னு தனி கிளினிக் ஆரம்பிச்சார். இந்தியாவுலேயே அதுதான் முதல். அந்தக் காலத்து டெஸ்ட் பெனடிக்ட் கரைசல். சிறுநீர் விட்டுச் சூடு பண்ணினா நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், சுகர் ரொம்ப இருந்தா செங்கல் நிறம். வீட்ல பெரியவங்களைக் கேளுங்க, ஞாபகம் இருக்கும்.

11/ 1960-களோட கடைசியில ஈரான் நாட்டு சாமுவேல் ரஹ்பர், சர்க்கரை நோயாளிகள் ரத்தத்துல ஹீமோகுளோபின் மாறியிருக்கறதைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கு நாம எடுக்கற ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி டெஸ்ட், அங்கிருந்து வந்தது. அருமையான டெஸ்ட். ஆனா சராசரிங்கறதால, ஒரு நாள் 42-க்கு இறங்கினது அதுல தெரியாது. சூளை வாசல்ல வந்த பயமும் தெரியாது.

12/ 1983 முதல் 1993 வரை அமெரிக்கா, கனடாவுல 1441 பேரை வச்சு டிசிசிடி ஆய்வு. சுகரைக் கடுமையா கட்டுப்படுத்தினா, புதுசா கண் பாதிப்பு வர்ற அபாயம் 76% குறைஞ்சது. கூடவே, ஆபத்தான தாழ்சர்க்கரை ஏறக்குறைய மூணு மடங்கு ஆச்சு. "சரி, இவங்க வாழ்க்கை எப்படி இருக்கு?"ன்னு கேட்கறதுக்காகவே ஒரு வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளை உருவாக்கினாங்க. கடுமையான சிகிச்சையால வாழ்க்கைத்தரம் மோசமாகலைன்னு சொல்ல முடிஞ்சதுக்கு ஆதாரம், நோயாளிகள் தந்த அந்தப் பதில்கள்தான்.

13/ இங்கிலாந்துல உளவியலாளர் கிளேர் பிராட்லி, சிகிச்சை திருப்தி பற்றி எட்டே கேள்வியில ஒரு தாள் உருவாக்கினார். அதுல ரெண்டு கேள்வி: உங்க சுகர் தேவைக்கு மேல ஏறிட்டதா எத்தனை தடவ உணர்ந்தீங்க? தேவைக்குக் கீழே இறங்கிட்டதா எத்தனை தடவ உணர்ந்தீங்க? இந்த ரெண்டாவது கேள்வியை மட்டும் நான் அன்னைக்குக் கேட்டிருந்தா, அவரை அந்த ராத்திரி வரைக்கும் கொண்டு போயிருக்க மாட்டேன்.

14/ 1995-ல் பாஸ்டன் ஜாஸ்லின் மையத்துல வில்லியம் போலன்ஸ்கி குழு "பெய்ட்" கேள்வித்தாள் கொண்டு வந்தாங்க. 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 4 மதிப்பெண். மொத்தத்தை 1.25-ஆல் பெருக்கினா நூத்துக்கு இவ்வளவுன்னு வரும். 40-க்கு மேல போனா இந்த நோயோட பாரம் அவரை அழுத்துதுன்னு அர்த்தம். இது மனச்சோர்வு நோய் இல்லை. தினமும் ஊசி, தினமும் பத்தியம், தினமும் குத்த உணர்ச்சி. அந்த அலுப்பு.

15/ 1998-ல் வந்த டபிள்யூஎச்ஓ-5 இன்னும் சின்னது. அஞ்சே வாக்கியம், கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி. நோயைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. மனசு உற்சாகமா இருந்ததா, தூங்கி எழுந்தா தெளிவா இருந்ததாங்கற மாதிரிதான் கேட்கும்.

16/ இதெல்லாம் வெளிநாட்டுக் கேள்விகள். 2010-ல் டெல்லி ஆய்வாளர்கள் இந்திய நோயாளிகளுக்குன்னே 34 கேள்வியில ஒரு தாள் வெளியிட்டாங்க. பணக் கவலைக்கு ஒரு தனிப் பகுதி. சாப்பாட்டுல திருப்தி இருக்கான்னு இன்னொரு பகுதி. கல்யாண வீட்ல இலை முன்னாடி உட்கார்ந்துட்டு "எனக்கு வேணாம்"னு கை நீட்டி மறைக்கறவங்களுக்கு அந்தக் கேள்வியோட அருமை புரியும்.

17/ சென்னையில டாக்டர் வி.மோகன் குழுவினர், மனச்சோர்வுக்கான 9 கேள்வித் தாளை நம்ம மக்களுக்காக 12 கேள்வியா மாத்தி சோதிச்சாங்க. 2009-ல் வெளியான ஆய்வுல சென்னையில 25,455 பேரைக் கேட்டாங்க. 15.1% பேருக்கு மனச்சோர்வு அறிகுறி. சுகர் மிஷின்ல இது தெரியாது.

18/ "சரி டாக்டர், கேட்டா சுகர் குறையுமா?" நியாயமான கேள்வி. 2001-ல் நெதர்லாந்து ஆய்வு: கேள்வித்தாள் நிரப்ப வச்சு, நர்ஸ் உட்கார்ந்து அந்தப் பதில்களைப் பத்திப் பேசினாங்க. மனநிலை மேம்பட்டது. ஹெச்பிஏ1சி மாறல. அதே நாட்டுல 2011-ல் வந்த இன்னொரு ஆய்வுல, பேசாம முடிவை எழுதி மட்டும் அனுப்பினாங்க. பெருசா பலன் இல்ல. தாள் வேலை செய்யல. தாளுக்கு அப்புறம் நடந்த பேச்சுதான் வேலை செஞ்சது.

19/ நம்ம நாட்டு விடை 2020-ல் ஜாமா இதழ்ல வந்தது. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம்னு நாலு மையம், 404 பேர். எல்லாருக்கும் மனச்சோர்வும் கட்டுப்படாத சுகரும். ஒரு பாதிப் பேருக்கு, கேள்வித்தாள் மதிப்பெண்ணையும் சுகர், பிபியையும் சேர்த்துத் தொடர்ந்து கவனிக்க, பயிற்சி பெற்ற ஒரு ஒருங்கிணைப்பாளர். அவர் டாக்டர் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு, மனச்சோர்வு பாதியா குறைஞ்சு, கூடவே சுகர், பிபி, கொழுப்புல ஏதாவது ஒண்ணாவது குறிப்பிட்ட அளவு இறங்கினவங்க 71.6%. வழக்கமான சிகிச்சையில 57.4%. கேட்கறதோட நிறுத்தாம, பதிலுக்கு ஏத்த மாதிரி சிகிச்சையை மாத்தினாங்க. அதான் வித்தியாசம்.

20/ தமிழ்நாட்டுல 2020-ல் எடுத்த கணக்கெடுப்புல, சர்க்கரை நோய் உள்ளவங்கள்ல கட்டுப்பாட்டுல இருந்தவங்க 10.8% தான். 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினது இந்தப் பின்னணியில. மாத்திரை வீட்டு வாசலுக்கு வருது. என் ஆசை, மாத்திரையோட நாலு கேள்வியும் போகணும். ஓபி வரிசையில பின்னாடி நாப்பது பேர் நிக்கும்போது சொல்லாததை, திண்ணையில உட்கார்ந்து ஊர்ப் பொண்ணுகிட்ட சொல்லுவாங்க. வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கா, இன்சுலினை மண்பானையில வச்சிருக்காங்களான்னும் அங்கதான் தெரியும்.

21/ இதுல ஆபத்தும் இருக்கு. நிரப்ப வேண்டிய ரெஜிஸ்டர் ஏற்கெனவே எத்தனையோ. கேள்வித்தாளும் அதுல ஒண்ணாகி, எல்லார் பேருக்கும் நேரா "நன்று"ன்னு டிக் விழுந்தா பிரயோஜனம் இல்ல. படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். மொழிபெயர்ப்பு நம்ம பேச்சுல இருக்கணும். பதிலை வச்சு ஒண்ணும் செய்யப் போறதில்லைன்னா கேட்கறதே பாவம்.

22/ நான் இப்ப ஓபியில கேட்கறது நாலு: போன வாரம் எத்தனை நாள் ஊசி, மாத்திரை விட்டுப் போச்சு? நிறைய பேருக்கு விட்டுப் போகும், அதனால கேட்கறேன். படபடப்பு, கண்ணு இருட்டறது வந்துச்சா, என்ன வேலை செய்யும்போது? இந்த வைத்தியத்துல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு? மனசு எப்படி இருக்கு? ஒரு நிமிஷம் கூட ஆகுது. உண்மைதான். ஆனா தப்பான டோஸை மாசா மாசம் எழுதின நேரத்தை விடக் கம்மி.

23/ நீங்க நோயாளியா இருந்தா, நாங்க கேட்கலைன்னாலும் சொல்லுங்க. விட்டுப்போன நாள், பயந்துபோன நாள், கட்டுப்படியாகாத செலவு. ஒரு சீட்டுல எழுதிட்டு வந்தாலும் சரி. இதைப் படிச்சுட்டு டோஸை நீங்களே மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட பேசி மாத்துங்க.

24/ அந்தச் சூளைக்காரர்? கால் புண் ஆறிடுச்சு. வேலை நாளுக்கு ஒரு அளவு, லீவு நாளுக்கு ஒரு அளவுன்னு பிரிச்சு எழுதினோம். சட்டைப் பையில எப்பவும் சர்க்கரைப் பொட்டலம். நம்பர் இன்னும் அழகா இல்ல. ஆனா நான் நோட்டுல எழுதற டோஸும் அவர் போட்டுக்கற டோஸும் இப்ப ஒண்ணு.

வீட்ல சுகர் உள்ளவங்க இருந்தா இந்த த்ரெட்டை வாசிச்சுக் காட்டுங்க.