வெள்ளைக்காரன் தேடிய தேத்தண்ணி



போன கிழமை உம்றா முடித்துவிட்டு வந்த கூட்டாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தந்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "ரெண்டு இஞ்சி பிளேன்டீ போடுங்க, சாயம் கூட்டி" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "அங்க எல்லாம் இருந்திச்சி சேர். நம்மட தேத்தண்ணிதான் இல்ல. ஹோட்டல்ல ஒரு கப்பில சுடுதண்ணியும் பக்கத்தில நூல் கட்டின பையும் வைப்பாங்க. தலையிடியோடயே திரிஞ்சன்."

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் வரும் வழியெல்லாம் ஒரு விடயம் மனதில் ஓடியது. இதே முறைப்பாட்டை இங்கிலாந்துக்காரர்கள் நூறு வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். பாரிஸுக்குப் போனாலும் ரோமுக்குப் போனாலும் பாலைவனத்துக்கு யுத்தம் செய்யப் போனாலும் அவர்களுடைய கேள்வி ஒன்றுதான்: ஒழுங்கான தேத்தண்ணி எங்கே கிடைக்கும்? அந்தக் கேள்வியின் வரலாறு நம் மலைநாட்டில் வந்து முட்டுகிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 'பிரித்தானியத் தேநீர்' என்று நாம் நினைக்கும் பொருள் அவ்வளவு பழையதல்ல. 1660இல் லண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் தேநீரைச் சீனத்துப் பானம் என்றே எழுதிவைத்தார். 1662இல் போர்த்துக்கல் இளவரசி கத்தரின், இரண்டாம் சார்ள்ஸ் மன்னரை மணந்து வந்தபோது அரண்மனைப் பெண்களிடம் அந்தப் பழக்கம் பரவியது. நெடுங்காலம் அது பணக்காரர் வீட்டுப் பண்டம். தேயிலைக்கு 119 வீதம் வரை வரி இருந்தது. 1784இல் அந்த வரி 12.5 வீதமாகக் குறைக்கப்பட்ட பிறகுதான் சாதாரண வீடுகளுக்குத் தேயிலை தாராளமாக வந்தது. அதில் போட்ட சீனி, கரிபியன் தீவுகளில் அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் உழைத்து உண்டாக்கியது. சீனாவிடம் தேயிலை வாங்கக் கொடுக்க வேண்டிய வெள்ளியை மீட்க, இந்தியாவில் விளைந்த அபினை அங்கே விற்றார்கள். அதைச் சீனா தடுக்கப் போய் 1839இல் யுத்தமே வந்தது.

அதே 1839இல் அஸாம் தேயிலை முதல் தடவையாக லண்டனில் ஏலத்துக்கு வந்தது. நம் நாட்டில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873இல் இங்கிருந்து லண்டனுக்குப் போன முதல் பொதி வெறும் 23 றாத்தல். கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபிறகு மலை முழுவதும் தேயிலையானது. 1880களின் இறுதியில் பிரித்தானியச் சந்தையில் சீனத் தேயிலை பின்தள்ளப்பட்டு, இந்தியத் தேயிலை முன்னுக்கு வந்தது. இலங்கைத் தேயிலை அதன் பின்னால் வேகமாக ஏறியது. கருஞ்சிவப்பாகச் சாயம் இறங்கும், பால் ஊற்றினாலும் சுவை அடங்காத தேநீர் இந்தத் தோட்டங்களிலிருந்துதான் போனது. அதாவது இன்று இங்கிலாந்துக்காரன் 'எங்கள் பரம்பரைச் சுவை' என்று சொல்வதற்கு நூற்றைம்பது வயதுகூட முழுதாக ஆகவில்லை. நம் பாட்டனாரின் பாட்டனாருக்கு இருக்கும் வயதுதான்.

இப்போது ரோமுக்கு வருவோம்.

1864இலிருந்து தோமஸ் குக் என்பவர் இங்கிலாந்துக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக இத்தாலிக்குச் சுற்றுலா கூட்டிப் போனார். அதற்கு முன்பிருந்தே பணக்காரர்களும் கவிஞர்களும் ஓவியர்களும் ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுப் பக்கம் வந்து தங்குவது வழக்கம். கவிஞர் கீற்ஸ் 1821இல் இறந்த வீடும் அந்தப் படிக்கட்டை ஒட்டித்தான் இருக்கிறது. இத்தனை பேர் வந்தும் அங்கே குடிக்கக் கோப்பிதான் இருந்தது. ரோமில் தேயிலை வேண்டுமென்றால் மருந்துக் கடைக்குப் போக வேண்டும். நாம் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதைப்போல, அங்கே அது வருத்தக்காரருக்கான பொருள்.

1893இல் இரண்டு பெண்கள் அந்த ஊருக்கு வந்தார்கள். ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா மரியா பாபிங்டன். மற்றவர் நியூசிலாந்தில் ஒரு பெரிய குடும்பத்தில் வந்த இஸபெல் கார்கில். கையில் 100 பவுண். ஆண் துணை இல்லை. அந்தப் பணத்தை வைத்து ரோமில் ஒரு தேநீர்க் கடையும் வாசிக்கும் அறையும் திறந்தார்கள். கெட்டிலில் கொதித்த தண்ணீர், சூடாக்கிய தேநீர்க் கேத்தல், பால், கேக், ஆங்கிலப் பத்திரிகை. ஊர் ஏக்கத்தோடு திரிந்த இங்கிலாந்துக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? கடை பிடித்துக்கொண்டது. சில வருடங்களில் ஸ்பானியப் படிக்கட்டின் அடியிலேயே இடம் எடுத்தார்கள். இரண்டு உலக யுத்தங்களையும் கண்டுவிட்டு 'பாபிங்டன்ஸ்' என்ற பெயரில் அந்தக் கடை இன்றும் அதே இடத்தில் நடக்கிறது.

அந்தக் காலத்துப் பெண்களுக்கு இது சின்ன விடயமல்ல. லண்டனிலும் 1864இலிருந்து தேநீர்க் கடைகள் வந்த பிறகுதான் ஒரு பெண் ஆண் துணையில்லாமல் வெளியே கௌரவமாக உட்கார்ந்து குடிக்க இடம் கிடைத்தது. சாராயக் கடையில் அவளுக்கு இடமிருக்கவில்லை. நம் ஊரில் சொந்தக் கடை போட நினைக்கும் சகோதரிகள் இந்த 100 பவுண் கதையைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, வெளிநாட்டில் ஏன் அந்தத் தேநீர் கிடைப்பதில்லை? காரணம் மூன்று. முதலாவது, தண்ணீர். கறுப்புத் தேயிலையின் சாயமும் துவர்ப்பும் முழுதாக இறங்க, தண்ணீர் கொதித்த கையோடு ஊற்றப்பட வேண்டும். ஐரோப்பியக் கோப்பிக் கடைகளில் இயந்திரத்திலிருந்து சுடுதண்ணியைக் கோப்பையில் பிடித்து, பையைத் தட்டில் தனியாக வைத்துத் தருவார்கள். மேசைக்கு வரும்போது சூடு இறங்கியிருக்கும். இரண்டாவது, பால். இங்கிலாந்தில் குளிர்ந்த பசும்பால் ஊற்றுவார்கள். மற்ற நாடுகளில் நெடுநாள் வைக்கும் பெட்டிப் பால், அல்லது சூடாக்கிய பால், அல்லது கிறீம். சில இடங்களில் தேசிக்காய்த் துண்டு. மூன்றாவது, இலை. இங்கிலாந்துக்காரர் தங்கள் ஊர்த் தண்ணீருக்கும் பாலுக்கும் ஏற்றபடி கலந்த கடும் தேயிலைக்குப் பழகியவர்கள். மற்ற நாடுகளின் பைகளில் சாயம் போதாது.

(மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். தேயிலை விளையும் உச்சியில், தேநீர் ஊற்றும் தண்ணீரின் சூடு குறைவு!)

இந்த விடயத்தில் அவர்கள் எவ்வளவு பிடிவாதக்காரர் என்பதற்கு இரண்டாம் உலக யுத்தம் சாட்சி. 1940 ஜூலையில் இங்கிலாந்தில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்குக் கிழமைக்கு 2 அவுன்ஸ். 1952 வரை பங்கீடு நீடித்தது. வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் அவர்களுடைய சிப்பாய்கள் பெற்றோல் தகரத்தை வெட்டி, அதில் மணலைப் போட்டு, பெற்றோலை ஊற்றிப் பற்றவைத்து, மேலே இன்னொரு தகரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். 'பெங்காஸி அடுப்பு' என்று அதற்குப் பெயர். உப்புத் தண்ணீர், டின்பால், சீனி, தேயிலை. லிபியாவின் மணலுக்கு நடுவே அவர்களுக்கு அதுதான் வீடு. தேநீர் போட வெளியே இறங்கும் நேரம் ஆபத்தானது என்பதால், 1945இல் வந்த சென்சூரியன் தாங்கியிலிருந்து உள்ளேயே தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தைப் பொருத்தினார்கள். இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது.

1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானிடம் விழுந்தபோது அந்தத் தீவின் தேயிலையும் இல்லாமல் போனது. இங்கிலாந்தின் கோப்பை இந்தியாவையும் இலங்கையையும் இன்னும் அதிகமாக நம்பியிருந்தது. அடுத்த மாதமே கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான் குண்டு போட்டது. அப்போதும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

யுத்தம் முடிந்து, பங்கீடு முடியாத 1946 ஜனவரியில், ஜோர்ஜ் ஓர்வெல் என்ற எழுத்தாளர் நல்ல தேநீர் போடுவது எப்படி என்று லண்டன் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். பதினொரு விதிகள். கேத்தலைச் சூடாக்க வேண்டும், பாலைப் பிறகுதான் ஊற்ற வேண்டும், சீனியே கூடாது என்றெல்லாம் போகும். அவருடைய முதல் விதி என்ன தெரியுமா? தேயிலை இந்தியாவினதாக அல்லது இலங்கையினதாக இருக்க வேண்டும். இங்கிலாந்துத் தேநீர் இங்கிலாந்துத் தேநீராக இருப்பதற்கு முதல் நிபந்தனையே நம் மலை!

இங்கேதான் நான் சொல்ல வந்த விடயம் இருக்கிறது.

எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு கோப்பையில் தன் வீட்டைத் தேடிக்கொள்ளும் வசதி அந்த மனிதனுக்கு இருந்தது. அந்தக் கோப்பையை நிரப்பியவர்கள் யார்? தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்ப் பக்கமிருந்து காட்டு வழியே நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் பலரைப் பறிகொடுத்து மலையேறியவர்கள். பத்தடி அகல லயன் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். வெள்ளைக்காரனுக்கு உலகமெல்லாம் வீட்டு ருசியைக் கொடுத்த அந்த மக்களுக்கு வீடே இல்லாமல் போனது. ஓர்வெல் எழுதி மூன்று வருடங்கள் ஆகுமுன், நமது நாடாளுமன்றம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தருவதென்றும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பதென்றும் எழுதியது. ஆட்களைத் தேயிலைப் பெட்டிகளைப்போல எண்ணிப் பிரித்தார்கள். இன்னும் மீதமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆனது.

நம் சமூகத்துக்குத் தெரிந்த இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். எகிப்தின் ஒராபி பாஷாவை இதே பிரித்தானியர்தான் நாடு கடத்தி 1883இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ரோமில் அந்தத் தேநீர்க் கடை திறந்த 1893இல் அவர் கண்டியில் இருந்தார். ஊருக்குப் போக அனுமதி கேட்டுக் கேட்டு, 1901இல்தான் திரும்ப முடிந்தது. ஊர் ஏக்கம் எல்லா மனிதனுக்கும் ஒன்றுதான். யாருடைய ஏக்கத்துக்குக் கடை திறக்கப்படுகிறது, யாருடைய ஏக்கம் கோப்புக்குள் கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூனில் மூடப்பட்டது. கடைசியாக விலைபோன பெட்டி இலங்கைத் தேயிலை. கிலோ 555 பவுணுக்குப் போனது. அதை விற்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கை யாருடையது என்பது எந்தப் பத்திரிகையிலும் வந்ததாக நான் காணவில்லை.

தரம் 10 பிள்ளைகளிடம் இலங்கைத் தேயிலையின் தந்தை யார் என்று கேட்டால் ஜேம்ஸ் டெய்லர் என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். தாய் யார் என்று ஒரு நாள் கேட்டேன். வகுப்பு அமைதியானது. பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை மெதுவாக எழும்பி, "கொழுந்து பறிக்கிற ஆக்கள் சேர்" என்றது. புத்தகத்தில் இல்லாத விடை. முழுப் புள்ளி கொடுத்தேன்.

வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் பெட்டியில் தேயிலைப் பக்கற்றை வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். தாராளமாகக் கொண்டு போங்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, சாயம் இறங்கவிட்டுக் குடியுங்கள். பிஸ்மி சொல்லிக் கோப்பையை எடுக்கும்போது, அந்தச் சாயத்தை மலையிலிருந்து இறக்கித் தந்தவர்களுக்காகவும் ஒரு துஆ செய்யுங்கள். அடுத்த முறை நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும்போது, தோட்டத்தில் நின்று படம் எடுப்பதோடு நிற்காமல், கூடையோடு வரும் அந்தத் தாயிடம் "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.