சம்பா கோவிலும் சின்னப்பரும்

புதுவை மிஷன் வீதியிலுள்ள தூய அமலோற்பவ அன்னை பேராலயத்தை நகர மக்கள் 'சம்பா கோவில்' என்றே வழங்குகின்றனர். சம்பா என்றதும் நமக்கு நெல்லே நினைவில் எழும். ஆனால் இப்பெயருக்கும் கழனிக்கும் தொடர்பில்லை. அன்னையின் ஆலயத்துக்கு வழங்கும் இப்பெயரில் மறைந்து நிற்பவர் திருத்தூதர் பவுல்.

சேசு சபைக் குருக்கள் இங்கு எழுப்பிய பழைய ஆலயம் பவுலின் பெயரால் அறியப்பட்டது. போர்த்துக்கீசியர் அவரைச் 'சாவோ பவுலு' என்பர். 'சாவோ' என்பதன் இறுதியில் மூக்கொலி உண்டு. தமிழர் நாவில் அது பகரத்தோடு சேர்ந்து 'சம்பாவுலு' ஆயிற்று. பின்பு தேய்ந்து 'சம்பா' என நின்றது. பிரெஞ்சு நகரில் போர்த்துக்கீசியச் சொல் எப்படி வந்தது? பிரெஞ்சுக்காரர் வருமுன்பே நம் கடற்கரையில் வணிகத்துக்கும் மறைப்பணிக்கும் அம்மொழியே பொதுமொழியாய் இருந்தது. கேரளத்திலும் சேசு சபையினர் தங்கியிருந்த ஓர் ஊர் இதே வழியில் 'சம்பாளூர்' எனப் பெயர் பெற்றது.

இலத்தீனில் 'பவுலுஸ்' என்றால் 'சிறியவர்' என்பது பொருள். உரோமைக் குடும்பங்களில் வழங்கிய இப்பெயர் பிரெஞ்சில் 'போல்', இத்தாலியத்தில் 'பாவொலோ', ஸ்பானியத்தில் 'பாப்லோ', ரஷ்யத்தில் 'பாவெல்' என உருமாறியது. 'கொஞ்சம்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லான 'பெ', அதே பொருளுடைய இத்தாலியச் சொல்லான 'போக்கோ', ஆங்கிலத்தின் 'ஃபியூ' ஆகியனவும் இதற்கு வேர்வழி உறவுடையவை. ஆயினும் 'போல்' என்று மகனை அழைக்கும் பிரெஞ்சுத் தாய்க்குச் 'சிறியவன்' என்ற பொருள் தோன்றுவதில்லை. ஒலி நிலைத்தது, பொருள் உறங்கிவிட்டது.

தமிழில் அப்பொருள் விழித்தெழுந்தது. நம் முன்னோர் பவுலைச் 'சின்னப்பர்' என்றனர். கடவுளின் அருளைக் குறிக்கும் யோவான் என்னும் பெயரை 'அருளப்பர்' என்றனர். பெருக்கத்தைக் குறிக்கும் யோசேப்பு என்னும் பெயரை வீரமாமுனிவர் தேம்பாவணியில் 'வளன்' ஆக்கினார். திருத்தூதர்களுள் தாம் கடையர் எனக் கொரிந்தியருக்கு எழுதிய பவுலுக்குச் 'சின்னப்பர்' எத்துணைப் பொருத்தமான பெயர்!

இச்சிறுமையை அவர் பெயர் தாங்கிய ஆலயம் எப்போதும் நினைவில் கொண்டதா? 1748-ஆம் ஆண்டில், துய்ப்ளெக்சின் ஆட்சியில், ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. சேசு சபையினரின் வற்புறுத்தலுக்கு அதில் பங்குண்டு என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு காட்டுகிறது. 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தபோது சம்பா கோவிலும் வீழ்ந்தது. இன்றுள்ள பேராலயம் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. அயலாரின் வழிபாட்டிடத்தைப் பொறுக்காத பெருமைக்கும் 'சிறியவர்' என்னும் பெயருக்கும் எவ்வளவு தொலைவு! இதை மறைப்பது வரலாற்றுக்கும் நம் மனச்சான்றுக்கும் அழகன்று.

1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'பவுல்' என்னும் வடிவத்தையே கொண்டது. பிற சபையாரோடு ஒரே விவிலியத்தை வாசிக்க அது துணைபுரிகிறது. அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் சின்னப்பன் என்று பெயர் தாங்கிய தாத்தாவின் பேரன், அப்பெயர் பவுலுடையது என்பதை அறியாமல் வளரலாகாது. ஜூன் 29-இல் இராயப்பர், சின்னப்பர் திருநாளைக் கொண்டாடும்போதேனும் ஞானோபதேச வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்போம். சம்பா கோவிலின் படியேறும் பிள்ளைகள், தாம் 'சிறியவர்' ஒருவரின் பெயரால் வழங்கும் ஆலயத்துள் நுழைகிறோம் என்பதை அறிந்து நுழையட்டும்.