மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

பழைய ஒஸ்ரின் கார் தேடி வன்னிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “ஒரிஜினலா?”

1990களில் பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் கிடைக்கவில்லை. ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது சரிவந்தது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் ஒரே புகை! ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் அந்தப் புகையோடுதான் பயணம்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாங்கள் இதைக் கண்ணால் காணவில்லை. ஊர் திரும்பிய பிறகு அயலவர்கள் சொல்லித்தான் அறிந்தோம்.

வாங்குகிறவர்களே, பெயின்ற் அடியுங்கள், பம்பரை மினுக்குங்கள். மண்ணெண்ணெய்க்காக அன்று கராஜில் செய்த வேலையை மட்டும் கழற்றி எறியாதீர்கள். கொண்டுபோகுமுன் ஒருநாள் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிறுத்துங்கள், பிள்ளைகள் பொனற்றைத் திறந்து பார்க்கட்டும்.