ஃப்ளோரிடா புயலும் கூகிள் நடனமும்

2003-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வாக்கில், அமெரிக்காவில் இணையத்தில் கடை நடத்திவந்த பலருக்கு ஆர்டர் வருவது திடீரென்று நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்தரை வாரம்தான் இருந்தது. அங்கே சில்லறை வியாபாரிகளுக்கு வருடத்தின் பெரும் சம்பாத்தியம் அந்த வாரங்களில்தான். சரக்கை வாங்கிக் குவித்துவிட்டார்கள், ஆளும் வைத்துவிட்டார்கள். ஆனால் நேற்றுவரை கூகிளின் முதல் பக்கத்தில் இருந்த கடையை இன்று பத்துப் பக்கம் புரட்டியும் காணோம்! தளத்தில் அவர்கள் எதையும் மாற்றவில்லை, சர்வரும் நன்றாகத்தான் ஓடியது. மாறியது கூகிளின் கணக்கு.

இணைய வரலாற்றில் இதற்கு 'ஃப்ளோரிடா அப்டேட்' என்று பெயர். இது ஏன் அவ்வளவு பெரிய இடியாக விழுந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1990-களின் நடுவில் ஆல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள், ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்தே அதை வரிசைப்படுத்தின. ஆகவே தள உரிமையாளர்களின் வேலை சுலபம். "மலிவு விலைக் கடிகாரம்" என்று ஒரே பக்கத்தில் நூறு முறை எழுது! படிப்பவர் கண்ணில் படக்கூடாது என்றால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுது! இந்த ஜல்லியடிப்பு நன்றாகவே பலித்தது.

1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகிளைத் தொடங்கியபோது, அவர்களுடைய பேஜ்ரேங்க் வேறொன்றையும் பார்த்தது. ஒரு பக்கத்தைப் பற்றி அந்தப் பக்கமே சொல்லிக்கொள்வது இருக்கட்டும், மற்றவர்கள் அதற்கு எத்தனை இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், அப்படிக் கொடுத்தவர்களின் மதிப்பு என்ன? அருமையான யோசனை. ஆனால் 2000 டிசம்பரில் கூகிளே ஒரு காரியம் செய்தது. தன் டூல்பாரில் ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்கையும் 0 முதல் 10 வரை ஒரு பச்சைக் கோடாகக் காட்ட ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரிகிற மதிப்பெண் வந்துவிட்டால் அதற்குச் சந்தையும் வந்துவிடும் அல்லவா? பேஜ்ரேங்க் 7 உள்ள தளத்தில் ஒரு இணைப்பு இவ்வளவு, 5 உள்ள தளத்தில் இவ்வளவு என்று விலைபேசத் தொடங்கினார்கள்.

ஓக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் என்ற நிறுவனம் 2002-இல் இதையே தொழிலாகச் செய்தது. சீக்கிரமே அதன் சொந்தப் பச்சைக் கோடு சரிந்தது. கூகிள் வேண்டுமென்றே குறைத்துவிட்டது என்று சர்ச்கிங் வழக்குப் போட்டது. 2003 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பேஜ்ரேங்க் என்பது ஒரு தளத்தைப் பற்றி கூகிள் சொல்லும் கருத்து, கருத்துச் சுதந்திரம் அதற்கும் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம். அதாவது கூகிள் உங்களைக் கீழே இறக்கினால், அதை எதிர்த்து முறையிட ஓர் இடம் கிடையாது. ஃப்ளோரிடாவுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பு வந்த இந்தத் தீர்ப்பை, கடைக்காரர்களில் எத்தனை பேர் தங்களுக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொண்டார்களோ!

இன்னொரு காரணமும் உண்டு. அதுவரை கூகிளின் மாற்றங்களுக்கு ஒரு பஞ்சாங்கம் இருந்தது. அப்போதெல்லாம் கூகிள் ஏறக்குறைய மாதம் ஒருமுறைதான் இணையம் முழுவதையும் சேகரித்து, கணக்குப் போட்டு, புதிய பட்டியலை வெளியிடும். அந்தப் பட்டியல் எல்லா டேட்டா சென்டர்களுக்கும் பரவச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் ஒரே சொல்லைத் தேடினால் காலையில் ஒரு வரிசை, மாலையில் ஒரு வரிசை. இதற்குத்தான் 'கூகிள் நடனம்' என்று பெயர். www2, www3 என்று தொடங்கும் கூகிள் முகவரிகளில் புதிய பட்டியல் முன்கூட்டியே எட்டிப்பார்க்கும். தள உரிமையாளர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த மாதம் இறங்கினால் தலைப்பைக் கொஞ்சம் மாற்று, நாலு இணைப்பு சேர், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். மாதாந்திரத் தேர்வு மாதிரிதான்! புயலுக்குப் பெயர் வைப்பதுபோல ஒவ்வொரு நடனத்துக்கும் அகர வரிசையில் பெயரும் வைத்தார்கள். 2003-இல் பாஸ்டன், கசாண்ட்ரா, டொமினிக், எஸ்மரால்டா, ஃப்ரிட்ஸ். ஜூலையில் வந்த ஃப்ரிட்ஸோடு மாதாந்திர நடனம் முடிந்தது. அதன்பின் பட்டியல் அன்றாடம் சிறிது சிறிதாக மாறத் தொடங்கியது. தேர்வு நடக்கும், ஆனால் தேதி கிடையாது.

நாலு மாதத்தில் ஃப்ளோரிடா வந்தது.

அடி பெரும்பாலும் வியாபாரச் சொற்களில்தான் விழுந்தது. அதில் ஒரு வேடிக்கை. அந்தச் சில வாரங்களில், தேடும் சொல்லோடு அர்த்தமில்லாத ஒரு சொல்லைக் கழித்தல் குறியோடு சேர்த்துத் தேடினால், காணாமல் போன தளங்கள் பழைய இடத்துக்கே திரும்பின! அப்படியானால் பழைய கணக்கு உள்ளே அப்படியே இருக்கிறது, சில தேடல்களுக்கு மட்டும் அதன்மேல் ஒரு வடிகட்டியைப் போட்டிருக்கிறார்கள் என்று பலர் முடிவுகட்டினார்கள். கூகிளோ வாய் திறந்து விளக்கவில்லை. ஹில்டாப் என்ற அல்காரிதம்தான் காரணம் என்று ஒரு கட்சி. ஒரு துறையின் 'நிபுணர்' பக்கங்கள் எவற்றைச் சுட்டுகின்றன என்று பார்த்து மதிப்பிடும் முறை அது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருஷ்ணா பரத். கூகிள் நியூஸை உருவாக்கியவரும் அவரே. இன்னொரு கட்சி, பங்குச் சந்தைக்குப் போகுமுன் விளம்பரம் விற்கவே இந்த வேலை என்றது. கூகிள் மறுத்தது. 2004 ஆகஸ்டில் அது பங்குச் சந்தைக்கு வந்தது என்னவோ உண்மை. என்றாலும் அந்தச் சந்தேகத்துக்கு யாரும் ஆதாரம் காட்டியதில்லை. நட்டம் வந்தவன் காரணம் தேடுவது இயல்பு.

காரணம் தெரியாததுதான் பெரிய கொடுமை. என்ன தப்பு என்று தெரிந்தால் திருத்தலாம். தெரியாமல் சிலர் டிசம்பர் மாதமே தளத்தைத் தலைகீழாக மாற்றி எழுதினார்கள். 2004 ஜனவரியில் ஆஸ்டின், பிப்ரவரியில் பிராண்டி என்று அடுத்தடுத்து மாற்றங்கள் வந்தன. தளம் ஏறினாலும் இறங்கினாலும், அது தாங்கள் மாற்றியதாலா, கூகிள் மாற்றியதாலா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை.

பிறகு வந்தவற்றிலும் இதே கதைதான். 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா (கரடி அல்ல, நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர்) அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தைப் பாதித்ததாகக் கூகிளே சொன்னது. இந்த முறை மாட்டியவை, மொக்கைக் கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் அச்சடித்த தளங்கள். 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின், விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. முன்பு காசு கொடுத்து இணைப்பு வாங்கியவர்கள் இப்போது "தயவுசெய்து எங்கள் இணைப்பை எடுத்துவிடுங்கள்" என்று மடல் எழுதிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. வேண்டாத இணைப்புகளைக் கைகழுவ கூகிள் ஒரு கருவி தந்தது அந்த அக்டோபரில்தான். ஆறு மாதம் ஒரு சிறிய கடைக்கு எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்கூட்டியே நாள் குறித்து வந்த மாற்றமும் ஒன்று உண்டு. கைப்பேசியில் சரியாகத் தெரியாத பக்கங்கள் கைப்பேசித் தேடலில் இறங்கும், ஏப்ரல் 21 முதல் அமல் என்று 2015 பிப்ரவரி 26 அன்று கூகிள் அறிவித்தது. முழுசாக 54 நாள் அவகாசம். சோதித்துப் பார்க்கக் கருவியும் இருந்தது. பத்திரிகைகள் உலகமே அழியப்போவதுபோல 'மொபைல்கெடான்' என்று பெயர் வைத்தன. கடைசியில் பயந்த அளவுக்குச் சேதம் இல்லை. என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்ததால் பலர் அதற்குள் தளத்தைச் சரிசெய்துவிட்டார்கள்.

ஃப்ளோரிடா பட்ட பாட்டுக்குப் பிறகு, பண்டிகைக் காலத்துக்கு முன் பெரிய மாற்றங்களைத் தவிர்க்கப் பார்க்கிறோம் என்று கூகிளின் மாட் கட்ஸ் சொல்லிவந்தார். அவர் நிறுவனத்தை விட்டுப் போய்ச் சில வருடம் கழித்து, 2020-இல், கூகிள் தன் பெரிய மாற்றங்களில் ஒன்றை வெளியிட்டது. அன்று தேதி டிசம்பர் 3. கிறிஸ்துமஸுக்கு 22 நாள் இருந்தது.