மழைக்கென ஒதுக்கிய மலை

மேற்கிந்தியத் தீவாகிய டொபாகோ 1763இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கரும்புத் தோட்டங்களுக்கென நிலம் அளந்து விற்கப்பட்டது. தீவின் முதுகெலும்பனைய மலைக்காட்டை மட்டும் விற்றலாகாது என இலண்டனில் வாதிட்டவர் சோம் ஜெனின்ஸ். மரத்துக்கும் மழைக்கும் உறவுண்டு என்னும் ஸ்டீபன் ஹேல்சின் கருத்தே அவருக்குத் துணை. 1776 ஏப்ரல் 13ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. காட்டை ஒதுக்கியதன் நோக்கம் மழையே என அச்சட்டம் வெளிப்படையாகக் கூறிற்று.

இதனை அருட்செயல் என மயங்குதல் தகாது. காக்கப்பெற்றது கரும்புக்கு வேண்டிய ஈரம். அக்கரும்பை வெட்டிய ஆப்பிரிக்க அடிமைகளுக்கோ, அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வர மேலும் 58 ஆண்டுகள் ஆயின. மழைக்கு முந்திய சட்டம் மனிதருக்குப் பிந்தியது.

எனினும் காடு நின்றது. 1963இல் ஃப்ளோரா புயல் அதனைப் பெரிதும் சாய்த்தது. நிலம் காட்டுக்கென்றே விடப்பட்டிருந்தமையால் மரங்கள் மீண்டும் தழைத்தன.