அலைநீளமும் வீச்சும்

அலையியக்கத்தை அளவிடும் இரு பரிமாணங்கள். அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் அலைநீளம். ஊடகத்தின் துகள் தன் சமநிலையினின்று மிக அதிகமாக விலகும் தூரம் வீச்சு. ஊடகம் வேண்டாத ஒளியலையில் மின்புலத்தின் உச்ச அளவே வீச்சாகக் கொள்ளப்படும். முகட்டிலிருந்து அகடு வரை அளந்து அதனை வீச்சென்று கொள்வது மாணாக்கரிடையே பெருவழக்காயினும், அது வீச்சின் இரு மடங்கேயாகும். அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்க வேகம் கிட்டும். காற்றில் வினாடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலியில், வினாடிக்கு 440 அதிர்வுகளுடைய சுரத்தின் அலைநீளம் ஏறக்குறைய 77 சென்டிமீட்டர். வீச்சு அலை சுமக்கும் சக்தியை நிர்ணயிப்பது; வீச்சு இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும்.

ஒளியின் அலைநீளம் கண்டறியப்பட்ட வரலாறு மிகவும் சுவையானது. குவிவில்லை ஒன்றைத் தட்டைக் கண்ணாடியின்மீது வைத்தால் தோன்றும் வர்ண வளையங்களை ஆராய்ந்த ஐசக் நியூட்டன், முதல் ஒளிவளையத்தின் மிகப் பிரகாசமான இடத்தில் இடைப்பட்ட காற்றேட்டின் தடிப்பு அங்குலத்தில் 1,78,000-ல் ஒரு பங்கு என வியக்கத்தக்க நுட்பத்துடன் அளந்து, 1704-ல் வெளியிட்ட ஒளியியல் கிரந்தத்தில் பதித்தாராயினும், ஒளி துகள்களாலானது என்னும் அபிப்பிராயத்தைக் கைவிடாமையால், தம் கையிலிருந்த அவ்வெண்ணின் பொருளை முழுதும் உணர்ந்தாரில்லை. 1801-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் பிரசங்கம் செய்த மருத்துவர் தாமஸ் யங், காற்றேட்டின் இரு பரப்புகளிலும் பட்டு மீளும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் வளையங்களை ஆக்குகின்றன என்று நிறுவி, அதே எண்களைக் கொண்டே அலைநீளங்களைக் கணித்தார். நியூட்டனின் தடிப்பை நான்கால் பெருக்கினால் மஞ்சள் ஒளியின் அலைநீளம் கிடைக்கிறது. சிவப்பின் எல்லைக்கு அங்குலத்தில் 36,000-ல் ஒரு பங்கு, ஊதாவின் எல்லைக்கு 60,000-ல் ஒரு பங்கு என யங் பின்னர்க் கண்ட மதிப்புகள் இன்றைய அளவுகளுக்கு மிக நெருங்கியவை. எனவே ஒளியலையின் நீளத்தை உலகுக்கு அளித்த பெருமை யங்குக்கே உரியது. எடின்பரோ விமரிசன இதழில் ஹென்றி புரூம் அவரைத் தாக்கி எழுதியது நியாயமற்ற செயல். அக்கட்டுரைகளில் ஒரு பரிசோதனையேனும் மறுக்கப்படவில்லை.

வீச்சைப்பற்றிய தெளிவு பிரான்சில் பிறந்தது. ஒளியலைகள் சந்திக்குமிடத்தில் வீச்சுகளையே திசையும் குறியும் நோக்கிக் கூட்டி, அதன் பின்னரே வர்க்கமாக்கிப் பிரகாசத்தைப் பெறவேண்டும் என்பது அந்நாட்டு இயற்பியலார் பிரெனெல் வகுத்த முறை. அம்முறைப்படி வட்டத் தகட்டின் நிழலின் நடுவே ஒளிப்புள்ளி தோன்றவேண்டும், அது நடவாது என்று கணித அறிஞர் பாய்சான் வாதிக்க, இயற்பியலார் அரகோ பரிசோதித்து அப்புள்ளியைக் கண்டார். 1819-ல் பிரெனெலுக்குப் பிரெஞ்சு விஞ்ஞான அகாடமியின் பரிசு கிட்டியது.

அலைநீளம் பிற்பாடு நீட்டலளவைக்கே அடிப்படையாயிற்று: 1960-ல் மீட்டர், கிரிப்டான்-86 ஒளியின் 16,50,763.73 அலைநீளங்களாக வரையறுக்கப்பட்டது. 1983 முதல் ஒளியின் வேகமே அதற்கு ஆதாரம்.