பனங்கள்

பனங்கள் என்பது பனையின் பாளையிலிருந்து வடியும் இனிப்பான சாறு இயற்கையாக நொதித்து உண்டாகும் மதுபானம் ஆகும். இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆர். எஸ். மங்கலம் (இராஜசிங்கமங்கலம்), திருவாடானை, சாயல்குடி முதலிய வறண்ட பகுதிகளில் பனை மிகுதியாக வளர்கிறது. எனினும் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

இறக்கும் முறை

ஆண்பனை, பெண்பனை ஆகிய இரண்டிலிருந்தும் சாறு எடுக்கப்படுகிறது. பனையேறுபவர் பாளையைக் கடிப்பு என்னும் மரக்கருவியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை அரிவாளால் மெல்லியதாகச் சீவி, மண் கலயத்தைக் கட்டுவார். சீவிய இடம் உலர்ந்தால் சாறு வடிவது நின்றுவிடும். ஆதலால் நாள்தோறும் காலை, மாலை இரு வேளையும் மரமேறிச் சீவ வேண்டும்.

நொதித்தல்

சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட்டும் சில பாக்டீரியாக்களும் சில மணி நேரத்திலேயே ஆல்ககாலாக மாற்றத் தொடங்குகின்றன. கள்ளில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு ஆல்ககால் இருக்கும். மேலும் வைத்திருந்தால் அது புளித்துக் காடியாகும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைபட்டுப் பதநீர் கிடைக்கும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்யப்படுகிறது. கள்ளுக்கும் பதநீருக்கும் மரமும் உழைப்பும் ஒன்றே. அவற்றை வேறுபடுத்துவது சுண்ணாம்பு ஆகும்.

பியருடன் ஒப்பீடு

பியரின் மூலப்பொருளான பார்லியில் இருப்பது மாவுப்பொருள். அதை முளைக்கவிட்டு உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையாக்கி, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் இடுவர். நொதித்த பியர் வடிகட்டப்பட்டு, பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டு, புட்டிகளில் அடைக்கப்படுவதால் மாதக்கணக்கில் கெடாது. இதனால் ஓர் ஆலையிலிருந்தே பல மாவட்டங்களுக்கு அனுப்ப இயலும். கள்ளோ அன்றன்றே, மரத்துக்கு அருகிலேயே விற்கப்பட வேண்டியது. ஆல்ககால் அளவில் இரண்டும் பெரிதும் வேறுபடுவதில்லை.

சட்டநிலை

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937 இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1971 இல் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டு, 1973 இல் மூடப்பட்டன. 1981 இல் மீண்டும் திறக்கப்பட்ட அவை 1987 சனவரி 1 முதல் மூடப்பட்டன. பியர் முதலிய ஆலை மதுவகைகளின் மொத்த விற்பனைக்காக 1983 இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதனிடம் உள்ளது.

ஆலையில் செய்த பியரை அரசே விற்கும்போது கள்ளை மட்டும் தடுப்பது பனைத்தொழிலாளரின் வாழ்வாதாரத்தைப் பறிக்கிறது என்பது தடையை எதிர்ப்போரின் வாதம். எண்ணற்ற மரங்களில் இறக்கப்படும் கள்ளில் கலப்படத்தைக் கண்காணிப்பது கடினம் என்பது தடையை ஆதரிப்போரின் வாதம். கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகளில் கள் விற்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கள் விற்கப்படுவதோடு, புட்டியில் அடைக்கப்பட்ட கள்ளும் உற்பத்தியாகிறது.

இவற்றையும் பார்க்க: பனை, பதநீர், கருப்பட்டி, பியர், நொதித்தல்